நாமே குறித்துக் கொடுக்கும் ஓய்வு



மொழி, கல்வி, ஊர் நடப்பு என்று பேசும் இந்தப் பக்கத்தில், இந்த முறை டி.வி.க்குப் பின்னால் பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருக்கும் ரவுட்டரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காரணம், உங்களிடமிருந்து வரும் கடிதங்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியே வசிக்கும் பெற்றோர் பலரும் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் எழுதுகிறார்கள். நெட் பில்லை ஒழுங்காகக் கட்டுகிறார்கள், விளக்குகளும் எரிகின்றன, ஆனால் பேரப்பிள்ளையுடன் வீடியோ காலில் பேசும் நேரம் பார்த்து, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கேபிள்காரரை அழைத்தால், “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்கிறார். அப்படிச் செய்தால் சரியாகிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் நிற்கிறது.

கேபிள்காரர் சொல்வது சரியான யோசனைதான். ஆனால் அதைச் செய்யப்போவது யார் என்று பாருங்கள். பல வீடுகளில் ரவுட்டரைக் கதவு நிலைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். அதன் சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். எழுபதைத் தாண்டிய ஒருவர் ஸ்டூலில் ஏறி, எந்த வயர் எதனுடையது என்று கண்ணை இடுக்கிப் பார்த்துப் பிடுங்க வேண்டியிருக்கிறது. அந்த ஸ்டூலை நினைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். வாரத்தில் ஒரு நாள், வீடு உறங்கும் நேரத்தில், ரவுட்டர் தானாகவே அணைந்து எழும்படி நேரம் குறித்து வைக்க முடியும். பெரும்பாலும் செலவே கிடையாது, வேலை முடியப் பத்து நிமிடம் போதும். விஷயம் தெரிந்த ஒருவர் இதை ஒரு முறை செய்து கொடுத்தால், தெரியாத பெரியவர்கள் ஆண்டு முழுவதும் நிம்மதியாக இருப்பார்கள்.

முதலில், ரவுட்டர் ஏன் இப்படிச் சோர்ந்துபோகிறது? அது வெறும் பெட்டி இல்லை. பிராசஸரும் நினைவகமும் உள்ள ஒரு சின்னக் கணினி அது. பல ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். கையில் இருக்கும் ஃபோனுக்கே நான்கு, ஆறு ஜி.பி. நினைவகம் இருக்கிறது. சாதாரண வீட்டு ரவுட்டர் பலவற்றில் 64 அல்லது 128 எம்.பி.தான். அந்தச் சிறிய இடத்தை வைத்துக்கொண்டுதான் அது வீட்டின் ஃபோன்கள், டி.வி., மடிக்கணினி, வாசல் கேமரா எல்லாவற்றையும் இரவும் பகலும் கவனிக்கிறது.

இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. உலகத்தில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அவை போதாது. அதனால் ஒரு வீட்டின் அத்தனை கருவிகளும் ஒரே பொது முகவரி வழியாக வெளியே போகும்படி செய்திருக்கிறார்கள். எந்தக் கருவி எந்தத் தளத்தோடு பேசுகிறது என்பதை ரவுட்டர் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளும். மாணவர் விடுதி வாசலில் இருக்கும் பதிவேடு மாதிரி: வெளியே போகிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள், சிலர் திரும்பி வந்ததும் போட மறந்துவிடுகிறார்கள். சரியாக முடிக்கப்படாமல் பாதியில் அறுந்த இணைப்பு ஒன்றை, லினக்ஸின் இயல்பான அமைப்பு 5 நாள் வரைகூடப் பட்டியலில் வைத்திருக்கும். ரவுட்டர் தயாரிப்பாளர்கள் பலர் இதைக் குறைத்துத்தான் வைக்கிறார்கள். ஆனாலும் சிறிய ரவுட்டரில் ஆப்கள் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்துகொண்டே இருந்தால் பட்டியல் நிரம்பிவிடும். பிறகு புதிய இணைப்புக்கு இடமிருக்காது. விளக்கு எரிந்தும் நெட் வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் மென்பொருளில் உள்ள சிறு பிழைகள். ஒரு வேலைக்காக நினைவகத்தில் இடம் எடுத்து, வேலை முடிந்த பிறகும் அதைத் திருப்பித் தராத நிரல்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் போவது சில பைட்டுகள்தான். வாரக்கணக்கில் சேர்ந்தால் அதுவே பெரிய சுமையாகிவிடும். இதோடு நம் ஊர் வெயிலும் சேர்கிறது. காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல் வைத்த ரவுட்டர் சித்திரை மாதத்தில் தொட்டால் சுடும்.

முன்பெல்லாம் இந்தச் சிக்கல் இந்த அளவுக்குத் தெரியவில்லை. அடிக்கடி போன மின்சாரம், யாரும் சொல்லாமலே ரவுட்டரை அணைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. இன்று வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது. ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறது. மின்வெட்டிலும் நெட் இருப்பது நல்லதுதான். ஆனால் அதன் விளைவாக ரவுட்டர் மாதக்கணக்கில் ஒரு கணமும் நிற்காமல் ஓடுகிறது.

‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்பதைச் சிலர் அரைகுறை வைத்தியம் என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த குடியிருப்பின் மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க அங்கே பேட்ரியாட் என்ற எதிர் ஏவுகணை அமைப்பு இருந்தது. அதன் கணினி 100 மணி நேரத்துக்கும் மேலாக அணைக்கப்படாமல் ஓடியிருந்தது. நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக் கணக்கிடுவதில் இருந்த மிகச் சிறிய பிழை, மணிக்கு மணி சேர்ந்து, ஏறக்குறைய 0.34 நொடியாகிவிட்டது. ஸ்கட்டின் வேகத்தில் அது அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான பிசகு. வரும் ஏவுகணையை பேட்ரியாட் தவறான இடத்தில் தேடியது.

இதில் மனதை வருத்துவது பின்னணிதான். நீண்ட நேரம் ஓடினால் குறி தவறுகிறது என்பதை இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே கண்டறிந்து அமெரிக்கர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து களத்துக்கு ஒரு எச்சரிக்கையும் போனது. ஆனால் ‘நீண்ட நேரம்’ என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் சொல்லவில்லை. அணைத்து எழுப்ப ஒன்றரை நிமிடம் போதும். அந்தக் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26 அன்று. எப்போதாவது அணைத்து எழுப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, எப்போது என்று நேரம் குறித்திருக்க வேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் பாடத்தை நான் படித்ததில்லை.

இரண்டாவது சம்பவத்தில் யாருக்கும் ஆபத்து நேரவில்லை. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குள் ஒரு எண்ணி இருக்கிறது. 248 நாள் மின்சாரம் நிற்காமல் ஓடினால் அதன் கொள்ளளவு முடிந்து, எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தக்கூடும் என்று சோதனைச் சாலையில் தெரியவந்தது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உடனே உத்தரவிட்டது: மென்பொருள் திருத்தப்படும்வரை, 120 நாளுக்குள் ஒரு முறையாவது மின்சாரத்தை முழுதாக நிறுத்தித் தொடங்க வேண்டும். பறக்கும் விமானத்துக்கே கிடைக்கும் மருந்து, நம் கூடத்து ரவுட்டருக்குத் தரம் குறைந்ததாகிவிடாது.

இதற்குக் கல்விப்புலத்திலும் மரியாதையான இடம் உண்டு. 1995இல் ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹுவாங், கிந்தலா முதலிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓட ஓட மென்பொருளுக்கு மூப்பு வருகிறது. அது தானாக விழும்வரை காத்திருக்காமல், வேலை குறைந்த நேரமாகப் பார்த்து நாமே நிறுத்தி, சுத்தமான நிலையிலிருந்து தொடங்கினால் இழப்பு குறையும் என்பது அவர்கள் வாதம். நான் சொல்ல வருவதும் அதுவேதான். ரவுட்டர் எப்படியும் ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. அது நிற்கும் நேரம் மகள் பேசும் மாலையாக இருக்க வேண்டாம். பேரனின் ஆன்லைன் தேர்வு நேரமாகவும் இருக்க வேண்டாம். யாருக்கும் தேவையில்லாத ஒரு நேரத்தை நாமே குறித்துக் கொடுப்போம்.

இனி செய்முறைக்கு வருவோம். ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் உள்முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் ஃபோனிலோ கணினியிலோ பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடித்தால் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்கும். உள்ளே போனதும் ‘ரீபூட் ஷெட்யூல்’ என்ற பகுதியைத் தேடுங்கள். டிபி-லிங்க் ரவுட்டர் பலவற்றில் சிஸ்டம் பகுதியில், ‘ரீபூட்’ என்பதற்குள் இருக்கும். ஆசுஸ் ரவுட்டரில் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ என்பதற்குள் ‘சிஸ்டம்’ பக்கத்தில் பாருங்கள். கிழமையையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து ‘சேவ்’ கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் நேரம் குறிக்கும் முன் ரவுட்டரின் கடிகாரத்தைக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் நேரத்தைக் காப்பாற்றி வைக்கும் பேட்டரி கிடையாது. ஒவ்வொரு முறை எழும்போதும் இணையத்திடம் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். அதில் நேர மண்டலம் இந்திய நேரத்துக்கு, அதாவது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி கூடுதல் என்று மாற்றப்படாமல் இருந்தால், நீங்கள் விடிகாலை 4 மணி என்று குறித்தது காலை ஒன்பதரைக்கு நடக்கும். அலுவலகக் கூட்டமும் பள்ளி வகுப்பும் தொடங்கியிருக்கும் நேரம் அது. ‘தினமும் காலையில் நெட் போகிறது’ என்று தவிக்கும் வீடுகளில் இதையும் ஒரு முறை சரிபாருங்கள்.

பேட்டரி இல்லாத அந்தக் கடிகாரம் இன்னொரு சங்கடத்தையும் தரும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளைத் தங்கள் ரவுட்டரில் போட்டுப் பழகும் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறேன். குறித்த நேரத்தில் வேலைகளை நடத்த அதில் ‘கிரான்’ என்ற பழைய யூனிக்ஸ் கருவி இருக்கிறது. 4.30க்கு ரீபூட் என்று மட்டும் எழுதினால், எழுந்து வரும் ரவுட்டர் தன் மணி இன்னும் 4.30 என்றே நம்பி, மறுபடி மறுபடி அணைந்துகொண்டே இருக்கக்கூடும். அதனால்தான் அதன் கையேடு ஒரு சூட்சுமம் சொல்லித் தருகிறது: 70 நொடி காத்திரு, ஒரு கோப்பைத் தொட்டு அதில் புதிய நேரத்தைப் பதி, அதன் பிறகே அணை. ரவுட்டர் எழும்போது கடைசியாகத் தொடப்பட்ட கோப்பின் நேரத்தைத் தன் மணியாக எடுத்துக்கொள்ளும். அப்போது அதன் கணக்கில் 4.31 ஆகியிருக்கும். இந்த 70 நொடியை யோசித்து எழுதி, உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த முகம் தெரியாத தன்னார்வலர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள்.

எந்த நேரம் நல்லது? பெரும்பாலான வீடுகளுக்கு விடிகாலை மூன்றிலிருந்து நான்கரைக்குள் சரியாக இருக்கும். ஆனால் அமெரிக்க நேரத்துக்கு ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அது அவர்களுடைய அலுவலக நேரம். அவர்கள் தூங்கும் காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைபர் இணைப்பில் வீட்டு லேண்ட்லைனும் அதே பெட்டி வழியாகத்தான் வருகிறது என்றால், அது அணைந்து எழும் சில நிமிடங்களுக்கு ஃபோன் வேலை செய்யாது. வாசல் கேமராவின் பதிவும் அந்த நேரத்தில் அறுபடலாம். உடல்நலம் குன்றிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில், தலைமாட்டில் ஒரு செல்ஃபோன் சார்ஜோடு இருக்கட்டும்.

வாரத்துக்கு ஒரு முறை போதும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2023இல் வீடுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியும், வாரம் ஒரு முறையாவது ரவுட்டரை ரீபூட் செய்யுங்கள் என்றே சொல்கிறது. அவர்கள் நோக்கம் பாதுகாப்பு. ரவுட்டரைத் தாக்கும் தீநிரல்களில் சில நினைவகத்தில் மட்டுமே தங்கும், அணைத்தால் அழிந்துவிடும். 2018 மே மாதம், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் புகுந்திருப்பது தெரிந்ததும், எல்லாரும் வீட்டு ரவுட்டரை ஒரு முறை ரீபூட் செய்யுங்கள் என்று எஃப்.பி.ஐ. வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. அதன் ஒரு பகுதி ரீபூட் செய்த பிறகும் தங்கிவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ரவுட்டரோடு வந்த பழைய பாஸ்வேர்டை மாற்றுவதும், மென்பொருள் அப்டேட் செய்வதும்தான் உண்மையான பூட்டு.

ரீபூட் ஷெட்யூல் இல்லாத ரவுட்டர்களும் இருக்கின்றன. நெட் நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் அந்தப் பக்கத்தையே பூட்டி வைத்திருக்கலாம். அப்போது உங்கள் பகுதி ஆபரேட்டரிடமே, “வாரம் ஒரு முறை தானாக ரீபூட் ஆகுமாறு வைத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். முடியாவிட்டால் டைமர் பிளக் இருக்கிறது. ஆனால் வட்டத்தில் முள் குத்தும் பழைய வகை டைமர் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். ஒரு மணி நேர மின்வெட்டுக்குப் பின் அதன் விடிகாலை நான்கு நம்முடைய ஐந்தாகிவிடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பார்த்து வாங்குங்கள். ஸ்மார்ட் பிளக் என்றால், நேர அட்டவணையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து ஃபோனில் அணைத்தால் வீட்டு நெட்டே போய்விடும். பிறகு அதை ஆன் செய்யச் சொல்லும் கட்டளை அந்த பிளக்கைப் போய்ச் சேராது.

ஒரு எச்சரிக்கையைப் பெரியவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரவுட்டரின் பின்புறம் ஊசித் துவாரம் மாதிரி ஒன்று இருக்கும், பக்கத்தில் ‘ரீசெட்’ என்று எழுதியிருக்கும். அதை ஊசியால் அழுத்திப் பிடிக்காதீர்கள். ரீபூட் என்பது அணைத்து எழுப்புவது. ரீசெட் செய்தால் நெட் நிறுவனம் பதிந்து கொடுத்த பெயர், பாஸ்வேர்டு உட்பட அத்தனையும் அழிந்து, ஆள் வரும்வரை நெட் இருக்காது. அதேபோல, மென்பொருள் அப்டேட் நடக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கக் கூடாது. ரவுட்டரே கெட்டுப்போகலாம்.

ரீபூட் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே கேபிள் அறுந்திருக்கலாம். எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் பயனில்லை, புகார்தான் கொடுக்க வேண்டும். தினமும் அணைத்து எழுப்பினால்தான் ஓடுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அடாப்டர் பழசாகி வலு குறைந்திருக்கலாம். மென்பொருள் பழையதாகியிருக்கலாம். காற்றே இல்லாத இடத்தில் ரவுட்டர் வெந்துகொண்டிருக்கலாம். காரணத்தைத் தேடாமல் நாள்தோறும் ரீபூட்டில் தள்ளிக்கொண்டு போனால், நோய் உள்ளேயே வளரும்.

இந்த இதழைப் படிக்கும் இளைய வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ‘நெட் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று அப்பா அம்மாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். அவர்கள் ஏறும் ஸ்டூலையும் பிடுங்கும் வயரையும் நேரில் பாருங்கள். ரவுட்டரைக் கை எட்டும் உயரத்தில், காற்றோட்டமாக மாற்றி வையுங்கள். வாராந்திர ரீபூட்டுக்கு நேரம் குறியுங்கள். முதல் வாரம் அது சரியாக நடந்ததா என்று ஃபோனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். செட்டிங்ஸ் பாஸ்வேர்டு, ரீபூட் ஆகும் கிழமை, நேரம், ஆபரேட்டரின் ஃபோன் எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி பீரோ கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தனியாக இருந்தால், அவர் வீட்டுக்கும் ஒரு பத்து நிமிடம் கொடுங்கள்.

செய்து முடித்ததும் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் ரவுட்டரின் மாடலையும், ரீபூட் ஷெட்யூல் பக்கத்தை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் குறிப்பிட்டால் போதும். அவற்றைத் தொகுத்து, பெரிய எழுத்தில், வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி ஒரு பக்கமாக வெளியிடுகிறோம். உங்கள் இரண்டு வரி, நீங்கள் பார்த்தேயிராத ஊரில் ஒரு தாத்தாவோ பாட்டியோ ஸ்டூல் ஏறுவதைத் தவிர்க்கும்.

அன்புடன்,
ஆசிரியர்